வல்லமை கூடும்போது மாணவனாவோம்

சிறு விமானம் ஓட்ட உரிமம் பெற்ற ஒருவர், ஆற்றல் மிக்க விமானத்தை ஓட்ட விரும்புகிறார். பழைய உரிமம் போதுமா? 200 குதிரைவலுவுக்கு மேற்பட்ட என்ஜின் என்றால், ஆசிரியரிடம் மீண்டும் பயின்று அவர் கையொப்பம் பெறவேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம்.

காரணம் உண்டு. வலு கூடிய என்ஜின், ஓடுபாதையிலேயே விமானத்தின் மூக்கை ஒருபுறம் பலமாக இழுக்கும். காலால் மிதியை அழுத்தி நேர்ப்படுத்தவேண்டும். வேகம் மிகுவதால் யோசிக்கும் நேரமும் குறையும். சிறு விமானம் மன்னித்த பிழையை இது மன்னிக்காது.

அனுபவசாலிகளும் இதற்கு விலக்கல்லர். டிக்கோயாவுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையே சாட்சி. 1974 டிசம்பர் 4 இரவு, நான்கு என்ஜின் கொண்ட டிசி-8 விமானம் அதில் மோதி, 191 பேரும் மாண்டனர். விமானிகள் தாங்கள் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்துத் தாழ இறங்கியதே காரணம் என விசாரணையில் தெரிந்தது.

நம் வாழ்விலும் அப்படியே. நேற்றுவரை நிரையில் நின்றவர் இன்று கங்காணியாகிறார். நேற்று அவர் செய்த பிழை அவரை மட்டும் வருத்தியது. இன்று செய்யும் பிழை பல குடும்பங்களை வருத்தும். அதிகாரம் கைக்கு வரும் நாளில் நாம் முதலில் தேடவேண்டியது யாரை? வணங்குவோரையா, திருத்துவோரையா?