வண்டி ஓடுவதும் பழுதை அறிவதும்

நின்றுபோன மோட்டார் சைக்கிள் பட்டறையில் மீண்டும் ஓடத் தொடங்கினால், அதைச் சரிசெய்தவர் பழுதின் காரணத்தை அறிந்திருந்தார் என்று கொள்ளலாமா என்னும் வினா, அளவையைப் பற்றி, அதாவது பொருளை உள்ளபடி அறியும் வழியைப் பற்றி, இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் நடத்திய வாதத்தோடு நேராகத் தொடர்புடையது. ஓர் அறிவை நம்பிச் செய்த செயல் பயன் தருவதால் அவ்வறிவைத் தந்த அளவை பொருளுடையதாகிறது என்று நியாய பாஷ்யத்தின் தொடக்கத்திலேயே வாத்ஸ்யாயனர் கூறுகிறார். இக்கொள்கையை அப்படியே பட்டறைக்குக் கொண்டுவந்தால், உதைத்த உதையில் எஞ்சின் பிடித்துக்கொள்வதே மெக்கானிக்கின் அறிவுக்குப் போதிய சான்றாகிவிடும். அது போதாது.

புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல் அளவைக்கு, அதாவது அனுமானத்துக்கு, நூல்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. மணிமேகலையின் 29ஆம் காதையும் அதைக் கொண்டே பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய உறுப்புகளை விளக்குகிறது. மெக்கானிக்கும் புகையிலிருந்து கருதுகிறார், ஆனால் அதன் நிறத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்: கரும்புகை வந்தால் காற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெட்ரோல் சேர்கிறது என்றும், நீலம் கலந்த புகை வந்தால் ஆயில் எரிகிறது என்றும் கொண்டு, அந்த நீலப் புகை ஸ்டார்ட் செய்த சிறிது நேரம் மட்டும் வந்தால் வால்வு சீலையும், ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் தேய்ந்த பிஸ்டன் ரிங்கையும் ஐயுறுகிறார். ஆயினும் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரியும்படி அமைந்த யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் சிறிது நீலப் புகை பழுதின் அடையாளமே அன்று. பழுதுள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் இத்தகைய ஏதுவை அளவை நூலார் அநைகாந்திகம், அதாவது ஒரு முடிவுக்குக் கட்டுப்படாத ஏது, என்று விலக்கினர்.

இன்மையை அறிவது இதனினும் நுட்பமானது. பிளக்கைக் கழற்றி, அதன் கேப்பில் மீண்டும் செருகி, உலோகப் பகுதி சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி, பெட்ரோல் ஆவி வரும் துளையிலிருந்து தள்ளி வைத்துக் கிக்கரை உதைக்கும்போது பொறி தெரியாவிட்டால் ‘கரண்ட் வரவில்லை’ என்று முடிவு செய்வர். இல்லாததைக் கண்டதாகச் சொல்ல முடியுமா? குமாரிலர் வழிவந்த மீமாம்சகர் காணாமையைத் தனி அளவையாகக் கொள்ள, நியாயத்தார் அதைக் காட்சியில் அடக்கினர். எனினும், இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பொருள் தெரியாதபோதுதான் அதன் இன்மை உறுதியாகும் என்பதில் அவர்களுக்குள் பெரிய பிணக்கில்லை. உச்சி வெயிலில் மெல்லிய பொறி கண்ணுக்குத் தெரியாது என்பதால், நிழலில் வைக்காமல் செய்யும் இச்சோதனை எதையும் நிறுவாது.

சிவஞான சித்தியார் பத்து அளவைகளை எண்ணி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. அப்பத்தில் ஒன்றாகிய ஒழிபு, மற்றவை நீங்கியபின் எஞ்சியதை உண்மையெனத் துணிவது. எஞ்சினுக்கு வேண்டிய கலவை, கம்ப்ரெஷன், பொறி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கும் பட்டறை முறை அதுவே. ஆனால் இருக்கக்கூடிய காரணங்களை முழுமையாக எண்ணியவருக்கே ஒழிபு கைகொடுக்கும். கில் சுவிட்சை எண்ணாமல் விட்டவர் காயிலை விலைக்கு வாங்குவார்.

செயலின் பயனே அறிவுக்குச் சான்று என்னும் கொள்கை உடைபடும் இடம் சூடேறினால் மட்டும் செயலிழக்கும் இக்னிஷன் காயில். வழியில் நின்ற வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிவந்து, கார்பரேட்டரைத் துடைத்துப் பூட்டி முடிப்பதற்குள் காயில் ஆறிவிடுவதால் வண்டி ஓடுகிறது. புகழ் கார்பரேட்டரைத் துடைத்த கைக்குப் போகிறது. மூடிய கைக்குள் எத்தனை சோழி என்று கேட்கப்பட்டவர் ஊகமாக ஐந்து என்று சொல்ல, எண்ணிக்கை ஐந்தாகவே இருந்துவிட்டால் அது அறிவாகுமா என்று 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் எழுப்பிய தடை இங்கே பொருந்துகிறது. சொல்லப்போனால் மெக்கானிக்கின் நிலை இன்னும் மோசம், ஏனெனில் சோழியை ஊகித்தவரின் விடையேனும் மெய்யாக இருந்தது.

இதற்கு மாற்று, உடன்பாட்டையும் எதிர்மறையையும் சேர்த்துச் சோதிப்பது: காரணம் இருந்தால் விளைவு உண்டு, காரணம் நீங்கினால் விளைவும் இல்லை என்று இருபுறமும் காட்டுவது. பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால், டேங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் வண்டி சிறிது தொலைவு ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ஓடுகிறது என்பதோடு நிறுத்தாமல், மீண்டும் மூடி ஓட்டி, மீண்டும் நிற்பதைக் கண்டவரே காரணத்தை அறிந்தவர். ஒரே வேளையில் பிளக்கையும் மாற்றிக் கார்பரேட்டரையும் துடைத்தவர் வண்டியை ஓடவைத்திருக்கலாம். எது ஓடவைத்தது என்று அறியும் வாய்ப்பைத் தாமே அழித்துவிட்டார்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிகளை ஒட்டி ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பரவியபின், எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் ஸ்கேனர் காட்டும் பிழை எண்ணும் உரை அளவையின், அதாவது நம்பத்தக்கவர் சொல்லின், இடத்தைப் பிடித்துள்ளன. ஆனால் ஆக்ஸிஜன் சென்சாரைச் சுட்டும் எண், சென்சார் கெட்டாலும் வரும், அதற்குப் போகும் ஒயர் அறுந்தாலும் வரும். எண்ணைப் படித்தவுடன் உதிரிப்பாகம் மாற்றுவது சோதனை ஆகாது. வண்டியைத் திரும்பப் பெறுபவர் எது மாற்றப்பட்டது என்பதோடு, அதுதான் பழுது என்பது எப்படித் தெரிந்தது என்றும் கேட்க வேண்டும்.