பிரபலங்களின் மரணமும் ரசிகர்களின் கண்ணீரும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

2022 மார்ச் 4, ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் முன்னாள் விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் இறந்தார், வயது 74. செய்தி கேட்ட ஷேன் வார்ன் ட்விட்டரில் இரங்கல் எழுதினார். சில மணி நேரம்தான் கழிந்திருக்கும், தாய்லாந்தின் கோ சமூய் தீவில் வார்னும் இறந்துபோனார். வயது 52. ஒருவருக்கு இரங்கல் எழுதியவருக்கு அன்றைக்கே உலகம் இரங்கல் எழுதியது. டெஸ்டில் 708 விக்கெட் வீழ்த்திய கை அது.

மெல்போர்ன் மைதானத்துக்கு வெளியே இருக்கும் அவரது சிலைக்கு ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். பூ வைத்தார்கள். அவருக்குப் பிடித்தவை என்று பீரும் சிகரெட்டும்கூட வைத்தார்கள். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. அந்த அழுகை உண்மையானது. ஒரு வீரர் போகும்போது நம் பள்ளிப் பருவமும், வாப்பாவோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்த இரவுகளும் அவரோடு போவதுபோல் இருக்கிறது. அதனால்தான் நேரில் பார்த்தேயிராத ஒருவருக்காகக் கண் கலங்குகிறது. ஆனால் அங்கே வைத்தவற்றில் எது அவருக்குப் போய்ச் சேர்ந்தது?

அழுவது தவறல்ல. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்தில் மடியில் உயிர் பிரிந்தபோது, அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா என்று வியந்த தோழருக்கு, இது இரக்கம் என்று விளக்கினார்கள். உள்ளம் வருந்தும், ஆனால் நாவு இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்லாது என்பதே அவர்களின் வழி. அன்றைக்குச் சூரிய கிரகணமும் பிடித்தது. நபியின் மகனுக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். உடனே மறுத்தார்கள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் மங்குவதில்லை என்று அறிவித்தார்கள். சொந்த மகனின் துக்கத்திலும் அந்தப் பெருமையை ஏற்காத நபி அவர்கள்! நம் பிள்ளைகளோ ஒரு நடிகர் இறந்த அன்று மழை பெய்தால் வானமே அழுதது என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள்.

கன்னத்தில் அறைந்துகொள்வதும் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதும் ஹராம். கணவனை இழந்த பெண்ணைத் தவிர மற்றவர்களுக்குத் துக்கம் மூன்று நாள்தான். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது ரசிகர்கள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பாடகருக்காகச் சோறு உண்ணாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால், கூத்தாடிக்காகவா அழுகிறாய் என்று ஏசாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச விடுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஒரு பிரபலம் இறந்த மறுநிமிடமே, அவர் நரகவாசி என்று கமெண்டில் தீர்ப்பு எழுதுகிறவர்கள். இந்த அதிகாரத்தை உங்களுக்கு யார் தந்தது? இறந்தவர்களை ஏசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். பாவமன்னிப்புக் கேட்டு துஆச் செய்வது ஈமான் கொண்டவர்களுக்கு உரியது. அந்த வரம்பு இருக்கிறது. ஆனால் பிற மதத்து அண்டை வீட்டாரிடம் போய் ஆறுதல் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

இறந்தவர் முஸ்லிமாக இருந்தால்? குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியைப் பாருங்கள். 1980-ல் சென்னைக்கும் வந்தார். ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதிக்க வந்தபோது, முஹம்மது என்ற பெயரை யாரும் மிதிக்கக் கூடாது என்றார். 2002-ல் அது சுவரில் பதிக்கப்பட்டது. அங்கே சுவரில் இருக்கும் நட்சத்திரம் அது ஒன்றுதான். தம் இறுதிச் சடங்கை முன்பே திட்டமிட்டு வைத்திருந்தார். 2016 ரமளானில், பிறந்த ஊரான லூயிவில்லில் ஜனாஸா தொழுகை நடந்தது. 1960-ல் அவர் முதல் தொழில்முறைப் போட்டியில் இறங்கிய அதே ஃப்ரீடம் ஹாலில்! கைதட்டல் கேட்ட அரங்கில் தக்பீர் கேட்டது.

அன்று அவரது நாக்அவுட் வீடியோக்களைப் பகிர்ந்த நம் இளைஞர்களில் எத்தனை பேர் அவருக்காகக் கையேந்தினார்கள்? காயிப் ஜனாஸா ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு, ஹனஃபியில் இல்லை. அதற்காகப் பள்ளியில் சண்டை வேண்டாம். துஆவுக்கு எந்த மத்ஹபிலும் தடையில்லை. நடிப்பிலும் ஆட்டத்திலும் வாழ்ந்த முஸ்லிம் ஒருவர் இறந்தால் அவரது ஆட்டக் காட்சிகளைத் தேடி எடுத்துப் பரப்பாதீர்கள். அவர் தவ்பா செய்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் கை ஓய்ந்த பிறகு அதை ஓட்டிக்கொண்டிருப்பது உங்கள் கை. உண்மையான ரசிகராக இருந்தால் அவர் பெயரால் ஒரு ஏழைக்குச் சோறு போடுங்கள், ஒரு தண்ணீர்க் குழாய் வைத்துக் கொடுங்கள்.

இந்த வாரம் உங்கள் மஹல்லாவிலும் யாரோ மவ்த்தாகியிருப்பார். ஃபேஸ்புக்கில் அவர் படம் வந்திருக்காது. இன்று அஸருக்குப் பிறகு மையவாடிப் பக்கம் போய் அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்களில் முந்திச் சென்றவர்களை மன்னிப்பாயாக! அவர்களின் கப்ரை விசாலமாக்குவாயாக! ஆமீன்.