ஐந்து டாலருக்குப் போன போர்வை

நல்ல துணி கிடைக்கட்டும், பிறகு தைக்கிறேன் என்கிறீர்களா? கையில் நாலு காசு சேரட்டும், பிள்ளைகள் தலையெடுக்கட்டும், வீட்டு வேலை குறையட்டும் என்று ஆண்டுக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வருகிறீர்களா? கொஞ்சம் உட்காருங்கள். ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். பிறக்கும்போதே இன்னொருவரின் சொத்து. அடிமை. அவர் உடம்பு அவருக்குச் சொந்தமில்லை. வயிற்றில் வளர்ந்த பிள்ளையும் சொந்தமில்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டமே தடுத்திருந்த மாநிலம் அது. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. பெற்றது ஒன்பது பிள்ளைகள். கணவரும் அவருமாகப் பாடுபட்டு நான்கு ஏக்கர் நிலம் வைத்திருந்தார்கள். பின்னாளில் அதையும் வறுமை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் தையல் கலைக்கு எங்கே இடம்? யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.

அவர் தைத்தது குவில்ட். மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்தால் குளிருக்கு அடக்கமான கனத்த போர்வை. மேல் துணிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, வெட்டி மிஞ்சிய துண்டுகள் போதும். அந்தத் துண்டுகளைச் சதுரமும் முக்கோணமுமாக அடுக்கித் தைத்த பெண்கள் அந்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஹாரியட்டோ மனிதர்களைக் கத்தரித்தார். ஆதாமும் ஏவாளும், காயீனும் ஆபேலும், முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் அவருடைய கத்தரிக்கோலில் இருந்து பிறந்தார்கள். அவர்களைக் கட்டம் கட்டமாகப் பதித்து, துணிமேல் துணி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையாகத் தைத்தார். பதினோரு கட்டங்களில் ஒரு வேதாகமமே விரிந்தது. 1886-இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அது தொங்கியது.

ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளையின ஓவிய ஆசிரியை அதைப் பார்த்து அசந்துபோனார். தைத்தவரைத் தேடிப்பிடித்து விலைக்குக் கேட்டார். ஹாரியட் மறுத்துவிட்டார். எந்த விலைக்கும் இல்லை!

அந்தத் தெம்பைப் பாருங்கள். உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கை. எதிரே நிற்பவர் படித்தவர், வசதியான உலகத்தைச் சேர்ந்தவர். அவர் பாராட்டிவிட்டாரே என்று இந்தப் பெண் குழைந்துவிடவில்லை. தான் செய்தது என்னவென்று அவருக்குத் தெரியும். நம்மில் எத்தனை பேர் நாம் செய்த வேலையை நாமே "சும்மா பொழுதுபோக்குக்கு" என்று சொல்லிக் கொச்சைப்படுத்துகிறோம்? அந்தச் சொல்லை இன்றோடு விட்டுத் தொலையுங்கள்.

சில ஆண்டுகள் கழிந்தன. பணமுடை கழுத்தை நெரித்தது. ஹாரியட் ஒரு நாள் மாட்டு வண்டியில் ஜென்னி ஸ்மித்தின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மடியில் போர்வை. சுத்தமான மாவுப் பையில் சுற்றி, அதன்மேல் சாக்கும் சுற்றியிருந்தது. பத்து டாலர் கேட்டார். ஐந்துதான் தர முடியும் என்றார் ஸ்மித். ஹாரியட் வெளியே போய்க் கணவரிடம் கேட்டார். வாங்கிக்கொள்வதே நல்லது என்றார் அவர். ஐந்து டாலருக்குப் போர்வை கைமாறியது.

இங்கே ஜென்னி ஸ்மித்தைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். நான் திட்டமாட்டேன். பாதி விலைக்கு வாங்கியவர்தான் அதைப் பொத்திப் பாதுகாத்தார்; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஹாரியட் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதியும் வைத்தார். ஹாரியட் அதன்பிறகும் பலமுறை வந்து, தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆசிரியையின் குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. போர்வையை இழந்த துக்கத்தில் இருந்த ஹாரியட், "வீட்டில் மிஞ்சும் துண்டுத் துணிகளையெல்லாம் உனக்குச் சேர்த்து வைக்கிறேன்" என்று ஸ்மித் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஓரளவு ஆறுதல் அடைந்தாராம்.

இதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். உயிரைக் கொட்டித் தைத்ததை விற்றுவிட்டு நிற்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதல் தந்தது என்ன? அடுத்ததற்கான துணி! உங்கள் உழைப்பைப் பாதி விலைக்கு ஒருவர் வாங்கியிருக்கலாம். பரிசுக்கு அனுப்பியது திரும்பி வந்திருக்கலாம். அழுங்கள், தப்பில்லை. ஆனால் அழுதுகொண்டே அடுத்த துண்டைக் கையில் எடுங்கள்.

ஹாரியட் எடுத்தார். 1895-க்கும் 1898-க்கும் இடையில் என்று கணிக்கப்படும் இரண்டாவது போர்வையில் பதினைந்து கட்டங்கள். அதில் யோபு உண்டு, மோசே உண்டு, யோனா உண்டு. அவர்களுக்குப் பக்கத்திலேயே தான் பிறப்பதற்கு முன் நடந்து பெரியவர்கள் வாய்வழியாக வந்த கதைகளையும் வைத்தார்: பட்டப்பகலில் இருண்டுபோன 1780-ஆம் ஆண்டின் ஒரு நாள், வானமே கொட்டுவதுபோல் எரிகற்கள் பொழிந்த 1833 நவம்பர் இரவு. 1895 பிப்ரவரியின் கொடுங்குளிரையும் விடவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்தபடியே உறைந்துபோன ஒரு பெண் அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். இத்தனைக்கும் நடுவில் ஒரு பன்றி! ஜார்ஜியாவில் இருந்து வர்ஜீனியா வரை ஐந்நூறு மைல் ஓடிய, யாருக்கும் அடங்காத பன்றி. பெயர் பெட்ஸ்.

தீர்க்கதரிசிகள் இருக்கும் இடத்தில் பன்றியா என்று எவராவது முகம் சுளித்திருக்கக்கூடும். ஓட முடியாத காலத்தில் பிறந்த ஒரு பெண், கட்டை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றிக்கு ஏன் இடம் கொடுத்தார் என்று எனக்குப் புரிகிறது. உங்கள் வாழ்க்கையிலும் அப்படி ஒரு பன்றி இருக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்று அதை வெட்டி எறியாதீர்கள். புத்தகத்தில் பார்த்த பூவையும் மயிலையும் ஆயிரம் பேர் தைப்பார்கள். உங்கள் தெருவை, உங்கள் அப்பாயி சொன்ன கதையை நீங்கள்தான் தைக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண் என்றே ஹாரியட்டைப் பல காலம் உலகம் எண்ணியிருந்தது. பிறகு, 1896-இல் அவர் எழுதிய கடிதம் ஒன்று வெளிவந்தது. சிறு வயதில் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளிடம் எழுத்தைப் பிடித்துக்கொண்டதையும், வேறு போர்வைகள் தைத்ததையும் அவரே அதில் சொல்கிறார். 1910-இல் காலமானார். இன்று அவர் தைத்ததாக நம் கண்ணுக்குக் கிடைப்பவை இரண்டே. ஐந்து டாலருக்குப் போனது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்.

அவர் காலத்தில் தைத்த எத்தனையோ கறுப்பினப் பெண்களின் போர்வைகள் பெயரில்லாமல் கந்தலாகி மறைந்துவிட்டன. ஹாரியட்டுடையவை நமக்கு விளங்குவதற்குக் காரணம், அவர் கட்டம் கட்டமாக வாய்திறந்து விளக்கியதும், அது எழுத்தில் ஏறியதும்தான். ஆகவே தைப்பவர்களே, முடித்த வேலையின் ஓரத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் தைத்துவிடுங்கள். அதில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்னும் தொடங்காதவர்களே, அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் அந்தத் துணி மூட்டையை இன்று ராத்திரியே அவிழ்த்துப் போடுங்கள்.