பார்வையாளர் இல்லாத நடனம்

நமீபியா, போட்ஸ்வானா நாடுகளின் கலஹாரி நிலத்தில் வாழும், சான் மக்களுள் ஒரு பிரிவினரான ஜூஹ்வான்சியரின் குணமாக்கும் நடனம் இரவில் நடக்கிறது. தீயைச் சுற்றிப் பெண்கள் தோளோடு தோள் உரச அமர்ந்து கைதட்டிப் பாடுகிறார்கள்; அவர்களைச் சுற்றி ஆண்கள் ஆடுகிறார்கள். ஆடுவோரின் கால்களில், உலர்ந்த பூச்சிக்கூடுகளைக் கோத்துக் கட்டிய சலங்கை ஒலிக்கிறது. ஆட்டம் முற்ற முற்ற 'நும்' என்னும் ஆற்றல் உடலுக்குள் கொதித்து முதுகுத்தண்டில் ஏறும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நிலையை எட்டியவர் நோயாளியோடு நின்றுவிடாமல் கூடியிருக்கும் அனைவர்மீதும் கைவைத்து நோயை இழுத்தெடுக்கிறார். நோயை ஏவும் ஆவிகளைத் திட்டித் துரத்துகிறார். அங்கே வேடிக்கை பார்ப்பவர் என்று யாருமில்லை. அப்படியானால், இந்தச் சடங்கை மேடையேற்றிக் காப்பாற்ற முடியுமா? அசைவும் பாட்டும் மட்டும் மிஞ்சினால் போதாது; ஒருவர் நோயை ஊரே சுமக்கும் அந்த உறவும் மிஞ்சினால்தான் மரபு காக்கப்பட்டதாகும் என்பேன்.

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைகளே இதற்குச் சான்று. உடல் வளைந்து மூக்கில் குருதி வடிய நிற்கும் உருவங்களைச் சான் ஓவியர்கள் அங்குள்ள பாறைகளில் தீட்டினார்கள். அவை இத்தகைய நடனத்தின் பரவச நிலையைக் காட்டுகின்றன என்று டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் போன்ற ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். 2000இல் அம்மலைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. ஆனால் ஓவியங்களைத் தீட்டிய சமூகங்களைக் குடியேற்ற ஆட்சிக் காலம் சிதைத்துவிட்டது. வடிவம் பத்திரமாக இருக்கிறது, ஆடியவர்கள் இல்லை.

மேடைதான் இளைஞருக்கு வருமானமும் பெருமிதமும் தருகிறது என்பார்கள். உண்மைதான். போட்ஸ்வானாவின் டிகார் பகுதியில் நடக்கும் குரு நடன விழா பல சான் குழுக்களை ஒன்றுசேர்க்கிறது. பகலில் மேடையில் ஆடுவதில் குற்றமில்லை, இரவின் சடங்கு அவர்களுக்கே உரியதாக நீடிக்கும்வரை. மரபு மாறிக்கொண்டேதான் இருக்கும் என்பது இன்னொரு வாதம். அதையும் ஏற்கிறேன்: இந்நடனத்தில் பாடப்படும் ஒட்டகச்சிவிங்கிப் பாடல்களே 20ஆம் நூற்றாண்டில்தான் ஜூஹ்வான்சியரிடையே பரவின. ஆனால் அவை ஆடுவோரின் தேவையிலிருந்து வந்தவை, சுற்றுலாக்காரரின் நேர அட்டவணையிலிருந்து வந்தவையல்ல. நும்மை நம்பாத தலைமுறைக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். நம்பாதவனையும் அந்தக் கை தொடுகிறது. உன் துன்பம் எங்களுடையது என்ற அறம் அவனையும் சேர்த்துக்கொள்கிறது.

இந்த உறவு நிலைக்க மக்கள் சேர்ந்து வாழ வேண்டும்; அதற்கு அவர்களுக்கு நிலம் வேண்டும். மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து சான் மக்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006இல் போட்ஸ்வானா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடனத்தைக் காக்க விரும்பும் அரசுகள் விழாவுக்கு நிதி ஒதுக்கும் முன், ஆடுவோரின் நில உரிமையை உறுதிசெய்யட்டும்.