திருவிளக்கும் கண்ணாடிப் பூவும்

திருச்சிற்றம்பலம்



கார்த்திகை பிறந்துவிட்டால் ஒஸ்லோவில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. டிசம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது ஆறு மணித்தியாலங்கூட இல்லை. விளக்கீட்டுக்கு ஊரில் வாசலெங்கும் தீபம் வைத்த நாம், இங்கே பனி படிந்த யன்னலோரம் ஒரு சிட்டி விளக்கை ஏற்றி மனம் ஆறுகிறோம்.

விளக்கின் அருமை நமக்குப் புதிதல்ல. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் ஒரு பஞ்சுத் திரியும்தான் ஒரு வீட்டுக்கு ஒளி. அந்த வெளிச்சத்தில் வாய்பாடு படித்து, பின்னர் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்று, அகதியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

சென்ற குளிர்காலத்தில் நாமும் எமது துணைவியாரும் இந்நகரில் ஒரு சிறிய பட்டறைக்கு வாரம் ஒரு மாலை சென்று, மின்விளக்கின் மேல் கவிழ்க்கும் வண்ணக் கண்ணாடிக் கூடு செய்யப் பழகினோம். நாம் தெரிந்தெடுத்தது தாமரைப் பூ. முதலில் பூவைத் தாளில் வரைந்து, இதழுக்கு இதழ் இலக்கமிட வேண்டும். பிறகு கண்ணாடியைக் கீறி முறித்து, ஓரங்களைத் தேய்த்து, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்புத் தகட்டு நாடாவைச் சுற்ற வேண்டும். கவிழ்த்த சட்டி போன்ற ஓர் அச்சின் மேல் துண்டுகளை அடுக்கி, பற்றாசு உருக்கி இணைக்க வேண்டும். ஓர் இதழ் அரிசியளவு பெருத்தாலும் அடுத்த இதழுக்கு இடமில்லை. கடைசி வரிசை கூடாது. நாம் பல துண்டுகளை முறித்தோம், விரலையும் அறுத்துக்கொண்டோம்.

முடிந்த கூட்டை மேசையில் வைத்துப் பார்த்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. மங்கிய கண்ணாடியும் கறுத்த கோடுகளுமாக இருந்தது. உள்ளே விளக்கைப் போட்டதும் தாமரை மலர்ந்தது! நகர நடுவிலுள்ள ஒஸ்லோ பேராலயத்திலும் இதே அனுபவந்தான். நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் சிற்பப் பூங்காவை ஆக்கிய குஸ்தாவ் விகெலானின் தம்பி எமானுவேல் விகெலான், 1910 தொடக்கம் 1916 வரை அங்கே வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்தார். பகலில் வீதியில் நின்று பார்த்தால் அவை வெறும் இருண்ட கண்ணாடி. உள்ளே சென்று பார்த்தால்தான் வண்ணம்.

நமது சைவ சித்தாந்தம் உயிரைப் படிகத்துக்கு ஒப்பிடும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. இருளைச் சார்ந்தால் இருளாகவும், அருளைச் சார்ந்தால் ஒளியாகவும் அது நிற்கும். ஒளி கண்ணாடியுடையது அன்று. இதை மறந்து “என் ஒளி” என்று கண்ணாடி நினைப்பதே ஆணவம்.

இந்தக் கலையின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. பூ வடிவக் கண்ணாடிக் கூடு என்றால் உலகம் சொல்லும் பெயர் அமெரிக்காவின் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி. விஸ்டேரியா என்னும் கொடிப்பூவைப் போலச் செய்த கூட்டில் ஏறக்குறைய 2000 கண்ணாடித் துண்டுகள். அதை வடிவமைத்தவர் அந்நிறுவனத்தில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கிளாரா டிரிஸ்கோல் என்ற பெண்மணி. திருமணம் செய்தால் வேலையை விட்டு விலக வேண்டும் என்ற விதி இருந்த காலம் அது. அவர் தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்களை ஆய்வாளர்கள் வாசித்த பிறகே, 2007இல் நியூயோர்க்கில் நடந்த கண்காட்சி ஒன்றின் மூலம் உண்மை ஊரறிய வந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, விளக்கு எரிந்தது. செய்த கையை ஒருவரும் கேட்கவில்லை.

மெய்யடியார்களே, நமது ஆலயத்தில் இப்படி நடக்காது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆலயக் கணக்குகளைப் பார்ப்பதில் நாமும் உதவி வருகிறோம். கடந்த திருவிழா முடிவில் நன்றியுரை வாசித்தவர்களும் நாமே. உபயகாரர் பெயர்கள் எல்லாம் வந்தன. ஆண்டுக்கணக்காக வெள்ளிதோறும் மாலை கட்டித் தரும் ஓர் ஆச்சியின் பெயர் வரவில்லை. பற்றுச்சீட்டு இருந்தவர்களின் பெயரை எழுதினோம். ஆச்சியிடம் பற்றுச்சீட்டு இல்லை.

சில வாரங்களின் பின் செலவுப் பக்கத்தில் ஒரு புதிய வரி கண்டோம்: “கடையில் வாங்கிய மாலை.” தொடர்ந்து மூன்று கிழமை. அப்போதுதான் ஆச்சி வரவில்லை என்பது நமக்கு உறைத்தது. ஒரு மனிதர் இல்லாததைக் கண்ணால் காணாமல், கணக்கில் கண்டோம்.

துணைவியாருடன் ஆச்சி வீட்டுக்குப் போனோம். பெயர் விடுபட்டதற்கு மன்னிப்புக் கேட்டோம். ஆச்சி சிரித்தார். “பேர் கிடக்கட்டும் தம்பி. குளிருக்கை விழுந்து முழங்கால் நோ, அதாலதான் வரேல்லை. மூண்டு கிழமை ஒருத்தரும் ஒரு போன் எடுக்கேல்லை. அதுதான் எனக்கு நெஞ்சுக்கை நிண்டது” என்றார். நாம் கொண்டு போன மன்னிப்பு ஒன்று. அவரது நோவு வேறொன்று. பதில் சொல்ல நா எழவில்லை.

அன்றிரவு நாயன்மார் சரிதம் நினைவுக்கு வந்தது. கணம்புல்லர் புல் விற்று விளக்கெரித்தவர். புல் விலைபோகாத நாளில் அந்தப் புல்லையே எரித்தார், அதுவும் போதாதபோது தம் தலைமுடியை எரித்தார். திருவொற்றியூர்க் கலியர் செக்காட்டும் தொழிலர். எண்ணெய்க்கு வழியற்ற நாளில் தம் குருதியை அகலில் வார்க்கத் துணிந்தார். திருவாரூரில் நமிநந்தியடிகளுக்குக் குளத்து நீரே நெய்யாயிற்று. சோழ மன்னனின் அமைச்சராயிருந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் அரசருக்கும் ஓர் இடம் தந்தார், புல் விற்றவருக்கும் ஓர் இடம் தந்தார்.

அதிலும் மேலான ஒன்று உண்டு. தனியடியார் 60 பேருடன் தொகையடியார் என ஒன்பது கூட்டத்தாரையும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வணங்கியிருக்கிறார். பெயர் தெரியாத அடியாருக்கும் நமது சமயம் ஏட்டில் இடம் விட்டிருக்கிறது. அவர்களுள் ஒரு தொகையினர் அப்பாலும் அடிச்சார்ந்தார்: தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாலும், அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும், இறைவன் திருவடியைச் சேர்ந்தோர். கடல் கடந்து பனி நாட்டில் மாலை கட்டும் ஆச்சிக்கும் அங்கே இடம் உண்டு என்று நாம் நம்புகிறோம்.

இறைவன் ஏட்டில் இடம் இருக்கிறது என்று நாம் வாளாவிருக்கலாமா? மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவுபவர், வாசலில் பனி வழிப்பவர், பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பவர், இவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இதழ். ஓர் இதழ் விழுந்தால் பூவின் நடுவே ஓட்டை. அதன் வழியே வெறும் மின்குமிழ்தான் கண்ணைக் குத்தும். பெயர் வாசிப்பது எளிது. வராதவர் ஏன் வரவில்லை என்று அடுத்த நாளே விசாரிப்பதுதான் தொண்டு.

நமது தாமரைக் கூடு இப்போது ஆச்சி வீட்டில், அவர் பூக்கட்டும் மேசைக்கு மேலே தொங்குகிறது. முழங்கால் சற்றுத் தேறியிருக்கிறது. வெள்ளிதோறும் இரண்டு பிள்ளைகள் அங்கே சென்று மாலை கட்டப் பழகுகிறார்கள். இந்தக் கார்த்திகைத் தீபத்தன்று உங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, சில காலமாக நீங்கள் ஆலயத்தில் காணாத ஒருவரை நினைத்து, திரி எரிந்து முடியுமுன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் அனைவருக்கும் கிடைப்பதாக.

திருச்சிற்றம்பலம்