நின்ற மண்ணின் நீதி

2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் குரோட்டன் விமானப்படைத் தளத்துக்கு அருகே 19 வயது இளைஞர் ஒருவர் கார் மோதி இறந்தார். சாலையின் தவறான பக்கத்தில் ஓட்டி வந்தவர், அமெரிக்க அரசு ஊழியர் ஒருவரின் மனைவி. தூதரக விலக்குரிமையின் பேரில் அவர் நாடு திரும்பினார். 2022 டிசம்பரில் லண்டன் நீதிமன்றம் தண்டனை விதித்த நாளிலும் நேரில் வரவில்லை. 8 மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. எந்த மண்ணில் நிற்கிறோமோ அந்த மண்ணின் நீதிக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

நீதி ஆள் பார்ப்பதில்லை என்பதே நம் மரபும். தேர்க்காலில் கன்று மாண்டதற்குத் தன் மகனையே தண்டிக்கத் துணிந்தான் மனுநீதிச் சோழன். யாரிடத்தும் கண்ணோட்டம் காட்டாத ஆராய்ச்சியே முறை என்பது வள்ளுவர் வகுத்த செங்கோன்மை. அயலூரிலிருந்து வந்த கண்ணகிக்கும் பாண்டியன் அவை பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

மண்ணின் நீதி என்ற இந்த அறத்தை ஜப்பான் பெரும்பாடுபட்டே மீட்டது. 1858 உடன்படிக்கைகளின்படி, அங்கே குற்றம் செய்த வெளிநாட்டாரை அவரவர் நாட்டுக் கான்சலே விசாரிப்பார். 1886 அக்டோபரில் நார்மன்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கியது. கேப்டன் டிரேக்கும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினர். ஜப்பானியப் பயணிகள் 25 பேரும் மாண்டனர். பிரிட்டிஷ் கான்சல் விசாரணை கேப்டன்மேல் பிழையில்லை என்றது. நாடு கொதித்தெழுந்த பிறகே யோகோஹாமாவில் அவருக்கு 3 மாதச் சிறை கிடைத்தது. 25 உயிருக்கு 3 மாதம்!

அந்த உடன்படிக்கைகளைத் திருத்துவதற்காக, வெளிநாட்டார் வழக்குகளில் வெளிநாட்டு நீதிபதிகளை அமர்த்தலாம் என்று பேரம் பேசினார் வெளியுறவு அமைச்சர் இனோவே. அரசுக்குச் சட்ட ஆலோசகராயிருந்த பிரெஞ்சுக்காரர் புவாசொனாடே அதை எதிர்த்தார். 1887இல் இனோவே பதவி விலகினார். பின்வந்த ஒகுமாவும் அந்த வழியையே ஓரளவு தொடர, 1889இல் வெடிகுண்டுத் தாக்குதலில் ஒரு காலை இழந்தார். வன்முறையை ஏற்க முடியாது. ஆனால் அந்தச் சமரசமும் ஏற்கத்தக்கதன்று. நீதியை மீட்கிறவர் அதில் பாதியை அடகு வைக்கலாமா?

ஜப்பானியச் சிறைக்கும் சித்திரவதைக்கும் மேலைநாட்டார் அஞ்சியதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சித்திரவதை 1879இலேயே ஒழிக்கப்பட்டது. புதிய தண்டனைச் சட்டம் 1882இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் நீடித்தது ஆதிக்கமே.

1894 ஜூலையில் லண்டனில் பிரிட்டனுடன் கையெழுத்தான உடன்படிக்கை 1899இல் நடைமுறைக்கு வந்து கான்சல் நீதிமன்றங்களை முடித்துவைத்தது. ஆனால் அதே ஜப்பான் 1876இல் கொரியாவிடம் இதே சலுகையைப் பறித்திருந்தது. 1896இல் சீனாவிடமும் எழுதி வாங்கியது. யோகோஹாமாவில் அநீதியாக இருந்தது ஷாங்காயில் உரிமையாகிவிடாது. டோக்கியோ அதைத் தானாகவே கைவிட்டிருக்க வேண்டும்.