இயந்திரத்தின் சொல் சான்றாகுமா?

2022 இறுதியில் வெளிவந்த 'செல்ஃப்-இன்ஸ்ட்ரக்ட்' ஆய்வில், மனிதர் எழுதிய 175 பணிகளைப் பார்த்து ஜிபிடி-3 என்ற மொழி மாடல் ஏறத்தாழ 52,000 கட்டளைகளை விடைகளோடு எழுதியது. அதையே பாடமாக்கி அந்த மாடலுக்கே பயிற்சி தந்தார்கள்; கட்டளைகளைப் பின்பற்றுவதில் அது மேம்பட்டது. தன் சொல்லைத் தானே கேட்டு ஒன்று அறிவு பெறுமா? காண்டல், கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று சைவ சித்தாந்தம் கொள்ளும் அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், இது உரையைப் பற்றிய வழக்கு. உரைக்கு நியாயம் என்னும் தருக்க மரபினர் வைத்த வரம்பு கறாரானது: சொல்பவர் பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடி சொல்லும் விருப்பமும் வேண்டும். முனிவருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்கிறார் நியாய சூத்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். குலம் பாராத இந்தத் தாராளம் இருந்தும், எதையும் நேரில் அறியாத மாடல் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மாடல்கள் இப்படி எழுதித் தரும் செயற்கைத் தரவை உரை என்பதைவிட நினைவு என்பதே பொருத்தம். முன்பு பெற்றதை மீட்பதோடு நின்றுவிடுவதால் நினைவை நியாயம் அளவையாக ஏற்பதில்லை. நினைவு மங்கவும் செய்யும்: ஒரு மாடலின் எழுத்தை அடுத்ததற்கும், அதன் எழுத்தை அதற்கடுத்ததற்கும் ஊட்டிக்கொண்டே போனால் அரியவை முதலில் மறைந்து, கடைசியில் பிதற்றல் மிஞ்சுகிறது என்று 2024 ஜூலையில் 'நேச்சர்' இதழில் ஷுமைலோவ் குழுவினர் காட்டினர்.

அப்படியானால் முதலில் சொன்ன மாடல் மேம்பட்டது எப்படி என்று கேட்கலாம். ஆய்வாளர்கள் 200 எடுத்துக்காட்டுகளைச் சோதித்தபோது முழுக்கச் சரியானவை 54 விழுக்காடுதான். பாதிக்குப் பாதி பிழையான பாடத்திலிருந்து அது கற்றது பெரும்பாலும் கட்டளைக்கு இணங்கும் பழக்கம். உலகைப் பற்றிய உண்மை அன்று. இதைவிட வலுவான மறுப்பு, வடிவியல் கணக்குகளைத் தீர்க்கும் ஆல்ஃபாஜியோமெட்ரி என்ற அமைப்பு. மனிதர் எழுதிய நிரூபணம் ஒன்றுகூட இல்லாமல், சுமார் 10 கோடி செயற்கை எடுத்துக்காட்டுகளில் பயின்று, ஒலிம்பியாட் வடிவியல் கணக்குகள் 30இல் 25ஐ அது தீர்த்தது. இங்கே புதுத் திறன் பிறந்தது மெய். ஆனால் அந்தச் செயற்கை எடுத்துக்காட்டுகளின் ஒவ்வொரு தருக்க அடியையும் விதிப்படி வருவித்தது ஒரு தருக்கப் பொறி. சொன்னவர் யார் என்பதற்கு அங்கே வேலையில்லை, அது கருதல்.

மனிதரும் கேட்டதைத்தானே திருப்பிச் சொல்கிறோம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சங்கிலியின் மறுமுனையில் கண்டவர் ஒருவர் இருக்கிறார். மனித எழுத்தை அகற்றாமல் செயற்கையை அதனோடு சேர்த்துக்கொண்டே போனால் மேலே கண்ட சரிவு தவிர்க்கப்படும் என்ற வேறு ஆய்வுகளும் அந்த முனையின் தேவையையே காட்டுகின்றன. அறம், சமயம், வரலாறு ஆகியவற்றுக்குத் தருக்கப் பொறி கிடையாது. அங்கே ஒரு மாடல் எழுதியதற்கு இன்னொரு மாடல் மதிப்பெண் போடும்போது, கண்டவர் எவரும் இல்லாத வழக்கில் சாட்சியே நீதிபதியாகவும் அமர்ந்துவிடுகிறார்.